பெட்டி கட்டுமுன் பெரியம்மா சொல்வது

கண்ணு, கலந்தாய்வில் உனக்கு இடம் கிடைத்துவிட்டது என்று கேட்டதும் மனசு நிறைந்துவிட்டது. வாளி, பூட்டு, போர்வை, ஊறுகாய் பாட்டில் என்று வாங்க வேண்டிய சாமான் பட்டியலை வீட்டில் பார்த்துக்கொள்வார்கள். அந்தப் பட்டியலில் இல்லாத ஒன்றைப் பற்றித்தான் நான் பேச வந்திருக்கிறேன். அரசுப் பள்ளிகளில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். தமிழ் வழியில் படித்து, குடும்பத்திலேயே முதல் ஆளாகக் கல்லூரி வாசலை மிதித்த பிள்ளைகளை வருஷா வருஷம் அனுப்பிவைத்திருக்கிறேன். முதல் செமஸ்டரிலேயே பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் திரும்பியவர்களும் அவர்களில் உண்டு. அவர்களில் பலர் நல்ல மதிப்பெண் வாங்கியவர்கள். ‘நமக்கெல்லாம் இது எதுக்கு டீச்சர்’ என்று தலையைக் குனிந்துகொண்டு சொல்வார்கள். அந்த வார்த்தை உன் வாயில் வரக் கூடாது. அதற்காகத்தான் இத்தனையும்.

1. தன்மேல் மதிப்பு வைப்பது என்றால் என்ன என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள். ‘நீ சிங்கம், நீ புலி’ என்று மேடையில் சிலர் கத்துவார்கள். கைதட்டிவிட்டு விடுதிக்கு வந்து படுத்தால் கொசு கடிக்கும், சிங்கம் போன இடம் தெரியாது. மாரிஸ் ரோசன்பர்க் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர், நியூயார்க் மாநிலத்தின் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் ஐயாயிரம் பேருக்கு மேற்பட்டவர்களை ஆராய்ந்து 1965-இல் ஒரு புத்தகம் எழுதினார். அதற்காக அவர் உருவாக்கிய பத்து வாக்கிய அளவுகோலை உளவியலாளர்கள் இன்றைக்கும் கையாளுகிறார்கள். அவர் சொன்னதில் எனக்குப் பிடித்தது ஒன்று. தன்னை மதிக்கிற பிள்ளை, தான் அடுத்தவரைவிட ஒரு படி மேல் என்று நினைக்க வேண்டியதே இல்லை. தன் குறை அதற்குத் தெரியும். திருத்திக்கொள்ளும் ஆசையும் இருக்கும். ஆனாலும் ‘நானும் மதிப்புள்ள ஓர் ஆள்’ என்ற நினைப்பு மட்டும் ஆட்டம் காணாது. அவ்வளவுதான் விஷயம். தலைக்கனமும் தலைகுனிவும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள், கண்ணு. இரண்டுக்குமே பக்கத்து இலையை எட்டிப் பார்க்காமல் சோறு இறங்காது.

2. ஆங்கிலத்தைக் கண்டு உன் மூளையைச் சந்தேகிக்காதே. இதை நான் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் பார்த்த பிள்ளைகள் அதிகம் உடைந்தது இந்த இடத்தில்தான். முதல் வாரம் வகுப்பில் பேராசிரியர் கடகடவென்று ஆங்கிலத்தில் பேசிக்கொண்டு போவார். நகரத்துப் பிள்ளைகள் நாலு பேர் பட்டென்று பதில் சொல்வார்கள். நீ நோட்டில் எழுதுவதா கேட்பதா என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பாய். அன்று இரவு உன் மனசு ஒரு தப்பான கணக்குப் போடும்: ‘அவர்களுக்குப் புரிகிறது, எனக்குப் புரியவில்லை, அதனால் எனக்கு அறிவு கம்மி.’ என் மாணவி ஒருத்தி பொதுத்தேர்வில் அணிக்கோவைக் கணக்குகளை அசராமல் போட்டவள். கல்லூரியில் ‘டிட்டர்மினன்ட்’ என்று கரும்பலகையில் எழுதியதும், இது நாம் படிக்காத பாடம் என்று பயந்துபோய் ஒரு வாரம் மூலையில் உட்கார்ந்திருக்கிறாள். யாரோ ஒரு பையன் அதைப் போட்டுக் காட்டியபோதுதான், அட, இது நம்ம அணிக்கோவை என்று தெரிந்திருக்கிறது. தெரிந்த கணக்குக்கு முன்னால் ஒரு வாரம் தெரியாதவளாக உட்கார வைத்தது அந்தப் பெயர்.

ஆகவே ஒரு நீள நோட்டு வாங்கு. இடப்பக்கம் பிளஸ் டூ பாடத்தில் இருந்த சொல், வலப்பக்கம் ஆங்கிலச் சொல். ஒவ்வொரு பாடத்துக்கும் முந்தின இரவே எழுதிவிடு. வகுப்பில் புரியாவிட்டால், ‘சார், ஒன்ஸ் மோர்’ என்று கேள், இலக்கணம் பார்க்காதே. பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் கோதவாடி என்று ஒரு கிராமம். அங்கே தமிழ் வழியில் படித்த மயில்சாமி அண்ணாதுரை, கோவை அரசுத் தொழில்நுட்பக் கல்லூரியில் பொறியியல் படித்து, 2008 அக்டோபரில் நிலவுக்குப் புறப்பட்ட சந்திரயான்-1 திட்டத்துக்கு இயக்குநராக இருந்தார். அவரும் ஏதோ ஒரு முதல் நாள் வகுப்பில் பேராசிரியர் பேசுவதைக் கூர்ந்து கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்தானே. இன்னொன்றும் சொல்கிறேன். ஆங்கிலத்தைக் கற்றே தீர வேண்டும், அதில் சலுகை கிடையாது. தமிழில் படித்ததற்காக வெட்கப்படாமல் கற்க வேண்டும். வெட்கத்தோடு உட்கார்ந்தால் பாதிக் கவனம் வெட்கத்துக்கே போய்விடும்.

3. ‘கோட்டாவில் வந்த ஆள்’ என்று யாராவது சொன்னால் குறுகிப்போகாதே. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்புவரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு தமிழ்நாட்டில் சட்டமாகவே இருக்கிறது. மருத்துவப் படிப்புக்கு 2020-இலும், பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் ஆகியவற்றுக்கு 2021-இலும் வந்தது. அப்படிச் சேர்ந்தவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. இதெல்லாம் யாரோ இரக்கப்பட்டுப் போட்ட தானம் என்று நினைத்தால் நீ முதல் நாளே தோற்றாய். ஒரு பிள்ளைக்கு வீட்டில் தனி அறை, பயிற்சி மையம், கேட்டால் சொல்லிக்கொடுக்கப் படித்த அப்பா. இன்னொரு பிள்ளை ஆட்டுக்குத் தழை ஒடித்துப் போட்டுவிட்டு, தங்கச்சியைத் தூங்கவைத்துவிட்டுப் புத்தகத்தைத் திறக்கிறது. இரண்டின் மதிப்பெண்ணையும் அப்படியே பக்கத்தில் வைத்துப் பார்ப்பது எந்த ஊர் நியாயம்? ஓடி வந்த தூரத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்ட சட்டம் அது. உன் இடம் உன் உரிமை. உரிமையோடு உட்கார்.

இதோடு சேர்ந்தது இன்னொன்று. ‘எந்த ஊர்’ என்று தொடங்கி, ‘எந்தத் தெரு’ என்று வளைத்து, ‘நீங்க என்ன ஆளுங்க’ என்று வந்து முடிகிற விசாரணை விடுதியிலும் நடக்கும். பிறப்பை வைத்து ஒருவரைத் தாழ்த்துவது பொய் என்று இந்த மண்ணில் உரக்கச் சொல்லி நூறு வருஷம் ஆகிவிட்டது. எங்கள் ஈரோட்டிலிருந்து பெரியார் 1925-இல் ‘குடி அரசு’ இதழைத் தொடங்கி, சுயமரியாதை என்ற பேச்சை வீட்டுத் திண்ணைவரை கொண்டுவந்தார். உன்னைப் பற்றி உனக்குள்ளே ஒரு தாழ்வு நினைப்பு இருந்தால், அது உன்னுடையதுதானா, அல்லது உன் தாத்தா காலத்தில் யாரோ ஏற்றிவைத்த சுமையா என்று ஒரு தடவை பார். பாதிக்கு மேல் ஏற்றிவைத்ததாகத்தான் இருக்கும். இறக்கி வைப்பதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

4. நிறம், உயரம், பல், முடி. இதைப் பற்றி உன் வயதில் யாரும் கவலைப்படாமல் இருந்ததில்லை. கல்யாண வீட்டில் ‘என்ன கண்ணு இப்படிக் கறுத்துட்ட’ என்று கேட்காத அத்தை எந்த ஊரில் இருக்கிறாள்? சிவப்பழகுக் களிம்பு ஒன்று 1975-இல் இந்தியச் சந்தைக்கு வந்தது. சிவப்பாக இருந்தால் வேலை கிடைக்கும், மாப்பிள்ளை கிடைக்கும் என்று தலைமுறை தலைமுறையாக விளம்பரம் போட்டார்கள். 2020-இல் ஊர் உலகம் கேள்வி கேட்ட பிறகு, ‘ஃபேர்’ என்ற வார்த்தையைப் பெயரிலிருந்து எடுத்துவிட்டு ‘குளோ’ என்று வைத்துக்கொண்டார்கள். அதற்குப் பல வருஷம் முன்பே, 2009-இல், சென்னையில் கவிதா இம்மானுவேல் என்பவர் நடத்தும் அமைப்பு கறுப்பே அழகு என்று ஓர் இயக்கத்தைத் தொடங்கியிருந்தது. விற்கிறவனுக்கு உன் தாழ்வு மனசு வேண்டும். அது இருந்தால்தான் டப்பா விற்கும். நீ குளி, முடியை எண்ணெய் வைத்துச் சீவு, துவைத்த உடுப்பைப் போடு, வெயிலில் விளையாடு. அத்தைக்கு ஒரு சிரிப்பு போதும்.

5. உனக்கு நீ கொடுத்த வாக்கைக் காப்பாற்று. என்னைக் கேட்டால் இந்தப் பட்டியலில் முதலில் இருக்க வேண்டியது இதுதான். ஆங்கிலம் பயமுறுத்தும் என்பதால் அதை முன்னால் சொல்லிவிட்டேன். என் அம்மாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது, கைநாட்டுத்தான். இரண்டு எருமை, ஒரு சீட்டு, அதுதான் அவள் பொருளாதாரம். சீட்டுத் தவணை நாளன்று மழை கொட்டினாலும் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு போய்ப் பணத்தைக் கட்டிவிட்டுத்தான் மறுவேலை. ஊரில் பெரிய வீட்டுக்காரர்களிடம் சாட்சிக் கையெழுத்துக் கேட்கிறவர்கள், அவளிடம் கேட்காமல் பணம் கொடுப்பார்கள். அவள் யார் முன்னாலும் கூனி நின்று நான் பார்த்ததில்லை. படிப்போ நிலமோ அவளுக்கு அந்த நிமிர்வைக் கொடுக்கவில்லை, சொன்ன நாளில் சொன்ன பணத்தைக் கட்டிய பழக்கம் கொடுத்தது.

உன்னிடமும் உனக்கு அப்படி ஒரு நாணயம் வேண்டும். ‘நாளையிலிருந்து நாலு மணிக்கு எழுந்து எட்டு மணி நேரம் படிப்பேன்’ என்று பெரிய சத்தியம் செய்யாதே. இரண்டாம் நாளே முறியும், முறிகிற ஒவ்வொரு தடவையும் உன் பேச்சை நீயே நம்பாமல் போவாய். ‘இன்றைக்குப் படுக்குமுன் மூன்று கணக்கு’ என்று சொல். மூன்றைப் போடு. நாலாவது வேண்டாம், தூங்கு. ஒரு மாதம் இப்படிப் போனால், நாம் சொன்னால் செய்கிற ஆள் என்பது உனக்கே தெரியவரும். இதையே தலைகீழாக நம்பி, அமெரிக்காவில் கலிபோர்னியா மாநில அரசு 1986-இல் ஒரு குழுவே போட்டது. பிள்ளைகளின் தன்மதிப்பை ஏற்றிவிட்டால் படிப்பு, ஒழுக்கம் எல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்று நம்பினார்கள். பிறகு 2003-இல் ராய் பௌமைஸ்டரும் மற்ற மூன்று ஆய்வாளர்களும் அதுவரை வந்த ஆய்வுகளை எல்லாம் சலித்துப் பார்த்தார்கள். தன்மதிப்பை ஏற்றிவிட்டதால் மதிப்பெண் ஏறியதற்குச் சான்று இல்லை. நன்றாகப் படித்ததால் தன்மதிப்பு கொஞ்சம் ஏறியது என்பதற்குத்தான் சான்று இருந்தது. என் அம்மாவிடம் கேட்டிருந்தால் குழு போடும் செலவு மிச்சமாகியிருக்கும்.

6. ‘நீ புத்திசாலி’ என்ற பாராட்டைக் கையில் வாங்கு, தலையில் ஏற்றாதே. நாங்கள் டீச்சர்கள் எல்லாரும் செய்கிற தப்பு இது, நானும் செய்தேன். முதல் மதிப்பெண் வாங்கும் பையனைப் பார்த்து ‘பிறவி மூளை’ என்று வகுப்பு முன்னால் சொல்வோம். அந்தப் பையன் அதன்பிறகு கடினமான கணக்கைத் தொடவே மாட்டான். தப்பாகப் போய்விட்டால் மூளை போய்விடுமே என்று பயம். கிளாடியா முல்லர், கேரல் டுவெக் என்ற இருவர் 1998-இல் வெளியிட்ட ஆய்வில் இதையே கண்டார்கள். அறிவுக்காகப் புகழப்பட்ட ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் சுலபமான புதிரையே தேடினார்கள். பிறகு புதிர் தப்பானதும் துவண்டார்கள், சிலர் தங்கள் மதிப்பெண்ணைக் கூட்டிப் பொய்யும் சொன்னார்கள். உழைப்புக்காகப் புகழப்பட்ட பிள்ளைகள் கடினமானதைக் கேட்டு வாங்கினார்கள். யாராவது உன்னைப் புகழ்ந்தால் ‘நன்றி’ என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வேலையைப் பார். ‘ஐயோ, நானெல்லாம் ஒண்ணுமில்லைங்க’ என்று குழைவதும் வேண்டாம். பணிவு என்று நினைத்துச் செய்கிறோம், கேட்கிற நம் காதே அதை நம்பிவிடுகிறது.

7. அரியர் விழுந்தால் உலகம் முடிந்துவிடாது. சுலபமாகச் சொல்லிவிட்டேன், விழுகிற அன்று அப்படி இருக்காது என்று எனக்குத் தெரியும். அன்று நீ செய்ய வேண்டியது மூன்று. முதலாவது, அன்றே வீட்டுக்குச் சொல். மறைத்தால் அரியரைவிட மறைத்தது பெரிதாக வளரும். இரண்டாவது, விடைத்தாள் நகல் கேட்டு வாங்கி எங்கே தவறியது என்று பார். தேவையானால் மறுமதிப்பீட்டுக்குப் போடு. மூன்றாவது, உன்னிடம் நீ பேசும் வாக்கியத்தைச் சரியாக அமை. ‘கணக்குத் தாள் போய்விட்டது’ என்பது செய்தி. ‘நான் உருப்படாத ஆள்’ என்பது பழி. உன் சிநேகிதிக்கு அரியர் விழுந்தால் அவளிடம் எப்படிப் பேசுவாயோ அந்தக் குரலில் உன்னிடமும் பேசு.

கணக்கு டீச்சர் என்பதால் ராமானுஜனைச் சொல்லாமல் என்னால் நகர முடியாது. கணக்கிலேயே மூழ்கி மற்ற பாடங்களை விட்டதால் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையை இழந்தார். சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. தேர்வில் தேறவில்லை. 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்கு எழுத்தர். 1918-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினர். எல்லா அரியருக்குப் பின்னாலும் ஒரு ராமானுஜன் ஒளிந்திருக்கிறார் என்று சொல்லவரவில்லை, அப்படிச் சொல்லிக்கொண்டு சும்மா இருக்கிற சோம்பேறிகளையும் பார்த்திருக்கிறேன். தேறாத அந்த வருஷங்களிலும் அவர் நோட்டுப் புத்தகத்தில் கணக்கு எழுதுவதை நிறுத்தவில்லை. உனக்கு வேண்டியது அந்தப் பகுதி மட்டும்.

இந்தக் காலத்து ஆளையும் சொல்கிறேன். சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலு. ஐந்து வயதில் பேருந்து ஏறிக் கால் சிதைந்தது, அம்மா காய்கறி விற்றுக் குடும்பத்தைக் காப்பாற்றினார். பாராலிம்பிக் உயரம் தாண்டுதலில் 2016-இல் ரியோவில் 1.89 மீட்டர், தங்கம். அடுத்து டோக்கியோவில் 1.86, வெள்ளி. 2024-இல் பாரிஸில் 1.85, வெண்கலம். பதக்கத்தை வைத்து ஆளை அளக்கிற கண்ணுக்கு இது இறங்குமுகம். எனக்கு இதில் தெரிவது, தங்கம் வாங்கிய பிறகு தோற்றுவிடுவோமோ என்று ஒதுங்காமல் மறுபடி மறுபடி கோலுக்கு முன்னால் போய் நின்ற ஒரு மனிதர்.

8. உன்னை யாரும் அவ்வளவு உற்றுப் பார்க்கவில்லை. செருப்பு அறுந்ததையும், நீ தடுமாறிப் பேசியதையும் ஊரே பார்த்தது என்று நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே. கார்னெல் பல்கலைக்கழகத்தில் தாமஸ் கிலோவிச் குழுவினர் சில மாணவர்களுக்கு ஒவ்வொருவராகக் கூச்சம் தரும் படம் போட்ட பனியனை மாட்டி, மற்றவர்கள் இருந்த அறைக்குள் அனுப்பினார்கள். ஏறக்குறைய பாதிப் பேர் கவனித்திருப்பார்கள் என்று பனியன் போட்டவர்கள் நினைத்தார்கள். கவனித்தவர்கள் ஏறக்குறைய கால்வாசிப் பேர். ஆய்வு வெளிவந்தது 2000-இல். மற்ற முக்கால்வாசிப் பேர் தங்கள் பனியனைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருந்திருப்பார்கள்.

9. கைபேசியில் அடுத்தவர் வாழ்க்கையைப் பார்த்து உன் வாழ்க்கைக்கு மார்க் போடாதே. ஒருத்தி சிரிக்கிற ஒரு படத்துக்குப் பின்னால் சிரிக்காத இருபது படம் அழிக்கப்பட்டிருக்கும். இன்ஸ்டாகிராம் சில இளம்பெண்களுக்குத் தங்கள் உடலைப் பற்றிய கவலையைக் கூட்டுகிறது என்று அந்த நிறுவனத்தின் சொந்த ஆய்வே சொன்னது 2021-இல் வெளியே வந்தது. போனை வீசியெறியச் சொல்லவில்லை. பார்த்து முடித்ததும் மனசு சுருங்குகிறதா விரிகிறதா என்று கவனி. சுருங்கவைக்கிற கணக்குகளைப் பின்தொடர்வதை நிறுத்து. படுக்கைக்கு அதைக் கொண்டுபோகாதே.

10. உன்னைச் சிறிதாக்குகிறவர்களோடு நெருங்காதே. ‘சும்மா கலாய்த்தேன்’ என்பார்கள். நீயும் சேர்ந்து சிரிக்க முடிந்தால் அது கலாய்ப்பு. நீ மட்டும் சிரிக்க முடியாமல் நின்றால் அதற்கு வேறு பெயர். ஒரே ஒரு தடவை, குரலை உயர்த்தாமல், ‘இது எனக்குப் பிடிக்கவில்லை’ என்று சொல். கேட்கிறவர் நண்பர். கேட்காதவரோடு உனக்கு வேலை இல்லை. சீனியர்கள் என்ற பெயரில் மிரட்டினால் பொறுத்துக்கொள்ளாதே. தமிழ்நாட்டில் 1997-லேயே ராகிங் தடைச் சட்டம் வந்துவிட்டது. தேசிய அளவில் 1800-180-5522 என்ற கட்டணமில்லாத எண் இருக்கிறது. காதலும் இதில் சேர்த்திதான். ‘அந்த டிரெஸ் போடாதே, அவனோடு பேசாதே, உன் பாஸ்வேர்டைக் கொடு’ என்பதை அக்கறை என்று நம்பி வருஷக்கணக்கில் தன்னைச் சுருக்கிக்கொண்ட கெட்டிக்காரப் பெண்கள் எனக்குத் தெரியும். எதிராளி ஆணோ பெண்ணோ, உன்னைச் சுருக்கிக்கொண்டுதான் அவரோடு இருக்க முடியும் என்றால் அங்கிருந்து நகர்ந்துவிடு.

11. உன் வீட்டை மறைக்காதே. ‘தந்தையின் தொழில்’ என்ற கட்டத்தில் என் மாணவி ஒருத்தி ‘பிசினஸ்’ என்று எழுதினாள். அவள் அப்பா விசைத்தறிக் கூலி. நான் திட்டவில்லை. விடுமுறையில் அவளோடு அந்தத் தறிக் குடோனுக்குப் போனேன். காது பிளக்கும் சத்தம். அந்த மனிதர் எங்களோடு பேசிக்கொண்டே இருந்தவர், சட்டென்று திரும்பிப் போய் மூன்றாவது தறியை நிறுத்தினார். இழை அறுந்திருந்தது. அத்தனை தறி ஓடும் இரைச்சலில் ஒன்றின் தாளம் மாறியது அவர் காதுக்குத் தெரிகிறது. மகள் அப்போது இயந்திரப் பொறியியல் முதலாண்டு. எந்திரத்தின் சத்தத்தை வைத்துப் பழுதைக் கண்டுபிடிப்பது அவள் பின்னாளில் படிக்கப்போகிற பாடம், அப்பாவுக்கு அது கூலிவேலை. அடுத்த படிவத்தில் ‘நெசவு’ என்று எழுதினாள். மற்றவர்கள் என்ன நினைத்தார்களோ, யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

12. மனசு இருண்டுபோனால் அதைக் குணக்குறை என்று எண்ணாதே. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, எதிலும் பிடிப்பில்லை, செத்துப்போனால் தேவலை என்று தோன்றுகிறது என்றால், அது நான் மேலே சொன்ன அறிவுரைகளால் தீர்கிற விஷயம் இல்லை. காய்ச்சலுக்கு மருத்துவரிடம் போவதுபோல் இதற்கும் போக வேண்டும். மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவிச் சேவை 2022-இல் தொடங்கியது. 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. இந்த எண்ணை இப்போதே போனில் பதிந்து வைத்துக்கொள். உனக்குத் தேவைப்படாவிட்டாலும் பக்கத்து அறைக்குத் தேவைப்படலாம். யாரிடமும் சொல்ல முடியவில்லை என்று தோன்றும்போது யாரிடமாவது சொல். வார்டன், அக்கா, பழைய டீச்சர், யாராக இருந்தாலும் சரி. பாதி ராத்திரியில் எழுப்பினாலும் நாங்கள் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டோம்.

13. கடைசியாக ஒரு வேலை தருகிறேன். அடுத்த வருஷம் உன் விடுதிக்குப் புதிதாகப் பிள்ளைகள் வருவார்கள். வாளியையும் பெட்டியையும் வைத்துக்கொண்டு யாரிடம் என்ன கேட்பது என்று தெரியாமல் ஒன்றிரண்டு பேர் நிற்பார்கள். நீயே போய்ப் பேசு. மெஸ் எங்கே, ஜெராக்ஸ் கடை எங்கே, எந்தப் பேராசிரியர் தயங்காமல் சந்தேகம் தீர்ப்பார் என்று சொல். விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது நீ படித்த பள்ளிக்கும் ஒரு நாள் வா. தலைமையாசிரியரிடம் கேட்டுக்கொண்டு, பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் முன்னால் பத்து நிமிஷம் உன் கல்லூரியைப் பற்றிப் பேசு, அரியர் இருந்தால் அதையும் மறைக்காமல் சொல். நாங்கள் வருஷம் முழுக்கச் சொல்லியும் நம்பாத பிள்ளைகள், நீ சொன்னால் நம்பும்.